பெட்டகம் திறக்கவில்லையா? கீபாஸ் கோப்பை மீட்க அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

போன வருஷம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். "ஏப்பா, பழைய லேப்டாப் போயிடுச்சு. அந்த பாஸ்வேர்டு ஃபைலைப் புதுசுல எடுத்துப் போட்டேன். தப்புங்குது. நான் தப்பா அடிக்கலப்பா." அவர் தப்பாக அடிக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு மணி ஆகிவிட்டது. அந்தக் கதை அதற்குரிய இடத்தில் வரும்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் பலருக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டேன். கோப்பே கெட்டுப்போயிருந்தது அரிது. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கையில் இருக்கும் கோப்பு ஒரு நாளைச் சேர்ந்தது, கையில் இருக்கும் சாவி (பாஸ்வேர்டும், அதோடு சேர்த்துக் கேட்கும்படி சிலர் வைக்கும் சாவிக் கோப்பும்) வேறொரு நாளைச் சேர்ந்தது. அதனால் யார் கேட்டாலும் என் முதல் கேள்வி இதுதான்: கோப்பு எந்தத் தேதி, சாவி எந்தத் தேதி?

இங்கே சொல்வது கீபாஸ் குடும்பத்துக்கானது, அதாவது எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டிய ஒரே கோப்பில் வைக்கும் மென்பொருள்களுக்கு. அந்தக் கோப்பைத்தான் பெட்டகம் என்கிறேன். கணினியில் கீபாஸ்எக்ஸ்சி அல்லது கீபாஸ், ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ் அல்லது கீபாஸ்2ஆண்ட்ராய்டு, ஐபோனில் கீபாஸியம் அல்லது ஸ்ட்ராங்பாக்ஸ் என எதை வைத்திருந்தாலும் எல்லாம் ஒரே கேடிபிஎக்ஸ் கோப்பைத்தான் திறக்கின்றன. பிட்வார்டன் என்ற வேறொரு பாஸ்வேர்டு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன்

பதற்றத்தில் செய்யும் வேலைதான் நிஜமான சேதத்தை உண்டாக்கும். முதலில் எல்லாக் கருவிகளிலும் நெட்டை நிறுத்துங்கள். ஒரு கருவியில் கெட்டுப்போன கோப்பை சிங்க் (கருவிகளுக்கு இடையே தானாக நடக்கும் ஒத்திசைவு) மற்ற எல்லாவற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அதுவும் வெகு ஒழுங்காக. சிங்க் வேறு, பேக்கப் வேறு என்பது இந்த மாதிரி நாளில்தான் புரியும்.

அப்புறம் ஒரு புது ஃபோல்டர் போட்டு, கிடைக்கிற கேடிபிஎக்ஸ் கோப்பு ஒவ்வொன்றையும் அதில் நகலெடுங்கள். பென் டிரைவ், பழைய போன், மின்னஞ்சல் இணைப்பு, டவுன்லோட்ஸ் ஃபோல்டர் என்று எதையும் விடாதீர்கள். பெயரில் "ஓல்ட்" என்று வருவதையும், "கான்ஃப்ளிக்ட்" என்று வருவதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றின் பெயரையும், கடைசியாகத் திருத்திய தேதியையும், அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். தாளில்தான். இனி எல்லாச் சோதனையும் இந்த நகல்களில் மட்டும். மூலக் கோப்பைத் திறக்கக்கூட வேண்டாம், ஏனென்றால் கீபாஸ்எக்ஸ்சி வழக்கமாக ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகவே சேமித்துவிடும்.

புதுக் கணினியில் மென்பொருளையே புதிதாகப் போட வேண்டியிருந்தால் தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். 2023 அக்டோபரில் கீபாஸ் தளத்தின் முகவரியைப் போலவே தெரியும் போலி முகவரியோடு கூகுள் விளம்பரம் ஒன்று வந்தது. அச்சு அசல் அதே பக்கம். உள்ளே இருந்தது தீநிரல். திறக்காத பெட்டகத்தோடு தவிப்பவர்தான் இப்படிப்பட்ட வலையில் சுலபமாக விழுவார்.

"பாஸ்வேர்டு சரிதான், ஆனால் தவறு என்கிறது"

பத்தில் எட்டுப் பேர் வருவது இந்தப் புகாரோடுதான்.

கீபாஸ்எக்ஸ்சி காட்டும் செய்தியை முழுக்கப் படியுங்கள். கொடுத்த விவரம் தவறு, மறுபடியும் இப்படியே வந்தால் கோப்பு சேதமாகி இருக்கலாம் என்று சொல்லி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் "எச்மேக் மிஸ்மேட்ச்" என்று போட்டிருக்கும். "சேதம்" என்ற சொல்லைப் பார்த்ததும் பலருக்கு உயிர் போய்விடுகிறது. ஆனால் எச்மேக் என்பது சாவியை வைத்துச் செய்யும் சரிபார்ப்பு, அதனால் அந்தக் கடைசிச் சொல் நல்ல செய்தி. கேடிபிஎக்ஸ் 4 வகைக் கோப்பில் தலைப்பகுதி ஒழுங்காக இருக்கிறதா என்பதை சாவியின் உதவி இல்லாமலே சரிபார்க்க முடியும். அந்தச் சோதனை தோற்றால் வேறு செய்தி வரும். எச்மேக் வரை வந்து நின்றால் தலைப்பகுதி பிழைத்திருக்கிறது, சாவிதான் பொருந்தவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பழைய 3.1 வகையில் இந்த வேறுபாடு தெரியாது.

இன்னொன்று. பாஸ்வேர்டு தவறா, சாவிக் கோப்பு தவறா என்று மென்பொருளால் பிரித்துச் சொல்லவே முடியாது. இரண்டையும் சேர்த்துப் பிசைந்துதான் ஒரே திறவுகோல் செய்கிறது. அதனால் ஒவ்வொன்றாக நீங்கள்தான் கழிக்க வேண்டும். நான் கழிக்கும் வரிசை இது.

முதலில் தேதி. பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை எப்போது மாற்றினீர்கள்? அதற்கு முன்னால் எடுத்த பேக்கப் பழைய பாஸ்வேர்டுக்குத்தான் திறக்கும். இன்றைக்கு மாற்றினால் நேற்றைய நகலில் ஒன்றும் மாறுவதில்லை. தாளில் எழுதிய தேதிகளைப் பாருங்கள். மார்ச் கோப்புக்கு மார்ச் பாஸ்வேர்டு. பழைய பாஸ்வேர்டை "இனி எதுக்கு" என்று மறந்தவர்கள் நிறைய.

(இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு பெட்டக நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப் நகல்களே களவு போயின. அதன் பிறகு மாஸ்டர் பாஸ்வேர்டை எவ்வளவு வலுவாக மாற்றினாலும், திருடன் கையில் இருக்கும் நகலுக்கு அன்றைய பாஸ்வேர்டுதான் பூட்டு. உங்கள் பழைய பேக்கப்பும் அப்படித்தான். "அப்பா பெயர் 123" காலத்து நகல் ஏதாவது பென் டிரைவில் கிடந்தால், மீட்பு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.)

அடுத்தது சாவிக் கோப்பு. பழைய கணினியில் கீபாஸ்எக்ஸ்சி அது எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்துத் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் வருஷக்கணக்கில் பாஸ்வேர்டு மட்டும் அடித்துப் பழகி, அப்படி ஒரு கோப்பு இருப்பதையே மறந்திருப்பீர்கள். புதுக் கணினிக்கு அது தெரியாது. பழைய டிஸ்க்கிலும் பென் டிரைவிலும் "கீ" அல்லது "கீஎக்ஸ்" என்று முடியும் சிறிய கோப்பு இருக்கிறதா பாருங்கள். ஒரு கேபி-க்கும் குறைவாகவே இருக்கும்.

சிலர் கெட்டிக்காரத்தனமாகக் குடும்பப் புகைப்படம் ஒன்றையே சாவிக் கோப்பாக வைத்திருப்பார்கள். படம் வெறும் முகமூடிதான். மென்பொருளுக்கு வேண்டியது அதிலுள்ள பைட்டுகள். அரட்டைச் செயலி வழியாக அனுப்பினால் படம் சுருங்கும், எடிட்டரில் ஒருமுறை திருப்பிச் சேமித்தால் மாறும். கண்ணுக்கு அதே படம், மென்பொருளுக்கு வேறு கோப்பு. அளவை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தைத் தேடுங்கள்.

மூன்றாவது கீபோர்டு. பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கண் படத்தைச் சொடுக்கினால் அடிப்பது தெரியும். யாரும் பார்க்காத இடமாக இருந்தால் அதைத் திறந்துவைத்தே அடியுங்கள். தமிழ்99 போட்டிருக்கும்போது ஆங்கிலம் என்று நினைத்து கே-யைத் தட்டினால் உள்ளே போவது ம. புள்ளிகளாக மறைந்திருந்தால் தெரியாது. போனில் வேறு தொல்லை: முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும், பரிந்துரையைத் தொட்டால் பின்னால் ஓர் இடைவெளியைச் சேர்க்கும்.

இங்கேதான் சித்தப்பா கதை வருகிறது. அவருடைய பாஸ்வேர்டில் தமிழ்ச் சொல் ஒன்று இருந்தது: கொடுக்காப்புளி. (மாற்றியாகிவிட்டது, அதனால் சொல்கிறேன்.) கண்ணைத் திறந்து பார்த்தோம், ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. சாவிக் கோப்பு கிடையாது. தேதி சரி. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கடைசியில், அவர் பழைய கணினியில் தட்டச்சிய ஒரு கடிதத்தை மின்னஞ்சலில் கண்டுபிடித்து, அதிலிருந்த "கொ" ஒன்றை நகலெடுத்து, புதுக் கணினியில் அடித்த "கொ"வோடு வைத்துப் பார்த்தேன். இரண்டையும் தனித்தனி டெக்ஸ்ட் கோப்பில் போட்டு அளவைப் பார்த்தால், ஒன்று 9 பைட்டு, இன்னொன்று 6 பைட்டு.

யூனிகோடில் "கொ" எழுத இரண்டு வழி உண்டு. க-வுக்குப் பின்னால் ொ என்ற ஒரே குறியை வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக, ெ அப்புறம் ா என்று வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட்டு பிடிப்பதால் முதலாவது 6, இரண்டாவது 9. பைட்டுகள் வேறானால் திறவுகோலும் வேறு. அவருடைய பழைய தட்டச்சு மென்பொருள் கொம்பையும் காலையும் பிரித்துப் போட்டிருக்கிறது. அந்தக் கடிதத்திலிருந்தே "கொ"வை எடுத்து, மீதியைச் சேர்த்து, ஒட்டினேன். திறந்துகொண்டது. "நான்தான் சொன்னேனே" என்றார்.

கொ, கோ, கௌ வரிசை எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஔ என்ற எழுத்தை ஒ-வும் ள-வுமாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீ அதைவிட மோசம்: ஸ் வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. பாஸ்வேர்டில் தமிழ் இருந்தால் இரண்டு வடிவத்திலும் முயன்று பாருங்கள். திறந்ததும் இந்த எழுத்துகள் இல்லாத பாஸ்வேர்டுக்கு மாறிவிடுங்கள். தமிழ்ப்பற்றைக் காட்ட வேறு இடம் நிறைய இருக்கிறது.

யூபிகீ (கணினியில் செருகும் வன்பொருள் சாவி) வைத்திருப்பவர்களுக்கு: அதே இரகசியத்தை உள்ளே கொண்ட கீ வேண்டும். கடையில் வாங்கிய புதுக் கீ வேலை செய்யாது. இரகசியம் இருக்கும் ஸ்லாட் 2-ஐ வேறெதற்கோ மாற்றி எழுதியிருந்தால் பழைய இரகசியம் போய்விட்டது. இரண்டாவது கீயில் அதையே பதித்து வைத்திருந்தாலோ, அந்த 20 பைட்டு இரகசியத்தைத் தாளில் எழுதியிருந்தாலோ தப்பித்தீர்கள். இரண்டும் இல்லையென்றால், கீ சேர்ப்பதற்கு முந்தைய பேக்கப் இருக்கிறதா என்று தேடுவதுதான் மிச்சம்.

"இது கீபாஸ் கோப்பே இல்லை என்கிறது"

அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் சேமிக்கும்போது டிஸ்க் நிறைந்திருக்கும், அல்லது பென் டிரைவைப் பாதியில் பிடுங்கியிருப்பீர்கள். அந்த நகலில் எதுவும் இல்லை, அடுத்ததற்குப் போங்கள்.

அளவு இருந்தும் இப்படி வந்தால் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்து முதல் பைட்டுகளைப் பாருங்கள். கேடிபிஎக்ஸ் என்றால் 03, டி9, ஏ2, 9ஏ என்று தொடங்கி ஐந்தாவது 67 ஆக இருக்கும். ஐந்தாவது 65 என்றால் அது கீபாஸ் 1 காலத்து கேடிபி கோப்பு. நேரடியாகத் திறக்காமல் இம்போர்ட் மெனு வழியாக எடுங்கள், வந்துவிடும். ஹெக்ஸ் எடிட்டர் வேண்டாம் என்றால் நோட்பேடே போதும்: தொடக்கத்தில் எச்டிஎம்எல் என்று படிக்கிற மாதிரி எழுத்துகள் இருந்தால், நீங்கள் இறக்கியது பெட்டகத்தை அல்ல, கூகுள் டிரைவின் லாகின் பக்கத்தை. பிரவுசரில் உள்நுழைந்து டவுன்லோட் பொத்தானைத் தொட்டு மறுபடி இறக்குங்கள்.

தொடக்கம் சரியாக இருந்து நடுவில் கெட்டிருந்தால் விண்டோஸில் ஓடும் அசல் கீபாஸ் 2-ல் ஒரு வழி இருக்கிறது. புதிதாக ஒரு வெற்றுப் பெட்டகம் உருவாக்கி, ஃபைல் மெனுவில் இம்போர்ட் போய், பட்டியலில் கேடிபிஎக்ஸ் என்பதற்கு அருகில் "ரிப்பேர் மோடு" என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சரிபார்ப்புகளைத் தளர்த்திவிட்டு எடுக்க முடிந்ததை எடுக்கும். தலைப்பகுதி கெட்டிருந்தால் இதனாலும் ஆகாது. வந்ததை அப்படியே நம்பாமல் ஒவ்வொரு பதிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்வதற்கு முன்பே கிளவுடின் பழைய பதிப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது. கூகுள் டிரைவில் இந்த மாதிரிக் கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாள் அல்லது 100 பதிப்பு வரை இருக்கும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கிலும் 30 நாள். பிரவுசரில் போய் கோப்பின் மேல் வலச்சொடுக்கினால் பதிப்பு வரலாறு வரும். பழைய பதிப்பை "ரீஸ்டோர்" செய்யாமல், தனியாக இறக்கிச் சோதியுங்கள்.

"திறக்கிறது, ஆனால் பழசாக இருக்கிறது"

சாவி சரி, கோப்புதான் பழைய தேதி. மற்ற நகல்களைத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் கீபாஸ்2ஆண்ட்ராய்டு கிளவுடிலிருந்து எடுத்த கோப்பின் நகல் ஒன்றைப் போனுக்குள்ளேயே வைத்திருக்கும். கிளவுட் கோப்பு பாழாகிவிட்டது என்றால், போனை ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்தால் அந்த உள்நகல் வரும். உடனே ஏற்றுமதி செய்து வேறு பெயரில் வையுங்கள். நெட்டை இயக்கிய மறுகணமே அது புதுப்பிக்கப்பட்டுவிடலாம். எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மூன்று மாதப் பதிவுகள் இப்படித்தான் திரும்பி வந்தன. இரண்டு நாளாகப் போனில் டேட்டா தீர்ந்திருந்தது, அவ்வளவுதான் காரணம்.

"இரண்டு நகல், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை"

லேப்டாப்பிலும் போனிலும் ஒரே சமயத்தில் மாற்றினால் இப்படி ஆகும். கையால் ஒப்பிட வேண்டாம். கீபாஸ்எக்ஸ்சியில் எந்த நகலை வைத்துக்கொள்ளப் போகிறீர்களோ அதைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் "மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்" போய் மற்றதைக் காட்டுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. அதை வைத்துப் பொருத்தி, பிந்தைய தேதியில் திருத்தியதை மேலே வைக்கும், மற்றதைப் பெரும்பாலும் அந்தப் பதிவின் வரலாற்றில் தள்ளும். இரண்டாவது கோப்பில் கைவைக்காது.

பிந்தைய தேதி என்றதும் ஒன்றைக் கவனியுங்கள். எந்தக் கருவியின் கடிகாரமாவது தவறாக ஓடியிருந்தால் பழைய பாஸ்வேர்டு "புதுசு" என்று ஜெயித்துவிடும். பேட்டரி போன பழைய டெஸ்க்டாப்பில் வருஷமே தவறாக இருப்பதுண்டு. மெர்ஜ் முடிந்ததும் முக்கியமான நாலைந்து பதிவுகளை, வங்கி, மின்னஞ்சல், வரி கணக்கு ஆகியவற்றை, திறந்து வரலாற்றோடு சரிபாருங்கள்.

"ஒரே ஒரு பதிவைக் காணோம்"

முழுக் கோப்பையும் ரீஸ்டோர் செய்ய ஓடாதீர்கள், அதற்குப் பிறகு சேர்த்த எல்லாம் போய்விடும். முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் வலச்சொடுக்கி மீட்டுவிடலாம். பதிவு இருக்கிறது, பாஸ்வேர்டு மட்டும் தவறாக மாறிவிட்டது என்றால் அந்தப் பதிவைத் திறந்து ஹிஸ்டரி பக்கம் போங்கள். வழக்கமான அமைப்பில் பழைய 10 வடிவங்கள் இருக்கும்.

ரீசைக்கிள் பின்னிலும் இல்லையென்றால் பழைய பேக்கப்பை இன்னொரு தாவலில் திறந்து, தேவையானதை நகலெடுத்து ஒட்டுங்கள். மெர்ஜ் செய்தால் வரும் என்று நம்பாதீர்கள். நீங்கள் அழித்தது பேக்கப்புக்குப் பிந்தைய செயல், ரீசைக்கிள் பின்னுக்கு நகர்த்தியதும் பிந்தைய செயல். மென்பொருள் பிந்தையதையே மதிக்கும்.

"லேப்டாப்பில் திறக்கிறது, போனில் மட்டும் இல்லை"

பாஸ்வேர்டைத் திறவுகோலாக மாற்றும் முறையான ஆர்கான்2-வின் அமைப்பில் நினைவக அளவைப் பாருங்கள். கீபாஸ்எக்ஸ்சி 64 எம்பி அளவில்தான் வைக்கிறது. "அதிகம் என்றால் பாதுகாப்பு" என்று 1 ஜிபி-க்கு ஏற்றியவர்களின் போன் மூச்சுத் திணறிச் செயலியை மூடிவிடும். ஐபோனில் செயலி திறந்தும், தானாக நிரப்பும் பகுதி மட்டும் நின்றுபோனால் இதே காரணம்தான். அந்தப் பகுதிக்கு ஐஓஎஸ் கொடுக்கும் நினைவகம் ரொம்பக் குறைவு. லேப்டாப்பில் 64-க்கு இறக்கிச் சேமித்து மறுபடி அனுப்புங்கள். கேடிபிஎக்ஸ் 4 தெரியாத பழைய செயலியாக இருந்தாலும் திறக்காது. அதற்குப் புதுச் செயலி போடுங்கள், கோப்பைப் பழைய வகைக்கு இறக்க வேண்டாம்.

"கைரேகைக்குத் திறக்கிறது, பாஸ்வேர்டு மறந்துவிட்டது"

இது அவசர கேஸ். கைரேகை உங்கள் பாஸ்வேர்டுக்கு மாற்று அல்ல, அந்தக் கருவிக்குள் மட்டும் ஒரு குறுக்குவழி. போன் ரீசெட் ஆனாலோ, புதுக் கைரேகை சேர்த்தாலோகூட அது போய்விடலாம். இன்னும் திறக்கிற கருவி ஒன்று இருக்கும்போதே அதில் திறந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். பல செயலிகள் பெட்டகம் திறந்திருந்தால் பழைய பாஸ்வேர்டைக் கேட்காமலே புதியதை வைக்க விடும். கேட்டால், உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் புதுப் பெட்டகத்துக்கு மாற்றுங்கள். செயலியைப் புதுப்பிப்பது, போனை அணைத்துப் போடுவது எல்லாம் அப்புறம்.

"எல்லாம் வந்துவிட்டது, ஆனால் ஆறு இலக்க எண்ணை ஏற்கவில்லை"

கடிகாரம். உள்நுழையும்போது பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்தே உருவாகிறது. கணினியின் நேரத்தைத் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், பேக்கப் எடுத்ததற்குப் பிறகு அந்தக் கணக்கில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை மறுபடி அமைத்திருப்பீர்கள். உங்களிடம் இருப்பது பழைய இரகசியம். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் பாஸ்கீக்கும் இதே கதிதான்.

பிரவுசர் நீட்சி மட்டும் பேசவில்லை என்றால் பயப்படாதீர்கள். இணைப்புச் சாவி பெட்டகத்துக்குள்தான் இருக்கிறது, பழைய கோப்பில் அது இருக்காது. மறுபடி "கனெக்ட்" கொடுத்தால் முடிந்தது.

"கோப்பு டிரைவில், டிரைவ் பாஸ்வேர்டு கோப்புக்குள்"

பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. டிரைவ் கணக்கின் பாஸ்வேர்டும், அதன் ஆறு இலக்க எண்ணும் இரண்டுமே பெட்டகத்துக்குள். கூகுள் கணக்கு என்றால் 8 இலக்கத்தில் 10 பேக்கப் குறியீடுகள் கொடுக்கும். எப்போதோ அச்சிட்டு வைத்தீர்களா என்று பழைய ஃபைல்களைத் தேடுங்கள். இன்னும் உள்நுழைந்த நிலையிலேயே இருக்கும் பழைய டேப்லெட், அலுவலகக் கணினி எதையும் லாக்அவுட் செய்யாதீர்கள். அதிலிருந்தே கோப்பை இறக்கலாம்.

"சிஎஸ்வி-யை ஏற்றினேன், தமிழெல்லாம் கோழிக்கிறுக்கல்"

சிஎஸ்வி என்பது பதிவுகளை வெறும் எழுத்தாகக் கொட்டும் ஏற்றுமதிக் கோப்பு. நடுவில் அதை எக்செல்லில் திறந்து சேமித்திருப்பீர்கள். எக்செல் எண்களின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்னும், சமக்குறியில் தொடங்கும் பாஸ்வேர்டைச் சூத்திரம் என்று நினைக்கும், யூடிஎஃப்-8 தமிழை வேறு எழுத்தாக வாசிக்கும். மறுபடி ஏற்றுமதி செய்து, திறக்காமலே ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் அந்தச் சிஎஸ்வி-யை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள், அது பூட்டே இல்லாத பெட்டகம்.

பிட்வார்டனில் சிஎஸ்வி எடுத்தால் லாகின்களும் குறிப்புகளும்தான் வரும். கார்டு விவரம் வராது. குறியாக்கிய ஜேசான் என்ற வகை ஏற்றுமதிக் கோப்பை எடுத்தாலும் இரண்டு வகை உண்டு. "அக்கவுண்ட் ரெஸ்ட்ரிக்டட்" வகை அதே கணக்கில்தான் திரும்ப ஏறும், கணக்கை மூடிவிட்டாலோ குறியாக்கச் சாவியைச் சுழற்றிவிட்டாலோ அது பயன்படாது. பேக்கப்புக்கு "பாஸ்வேர்டு புரொடெக்டட்" வகையை எடுங்கள்.

திரும்ப இந்த நிலை வராமல் இருக்க நான் வைத்திருக்கும் ஏற்பாடு

கீபாஸ்எக்ஸ்சி அமைப்பில் "பேக்கப் டேட்டாபேஸ் ஃபைல் பிஃபோர் சேவிங்" என்று ஒன்று இருக்கிறது, தானாக இயங்காது, டிக் செய்ய வேண்டும். அதுவும் முந்தைய ஒரே ஒரு சேமிப்பைத்தான் வைக்கும். இரண்டு முறை தவறு செய்தால் அந்த "ஓல்ட்" கோப்பிலும் தவறு ஏறிவிடும். புதிய பதிப்புகளில் நகலின் பெயரில் நேரத்தையும் சேர்க்கச் சொல்லலாம், அப்படி வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதாது.

மாதம் ஒருமுறை பென் டிரைவ் நகல், அதில் ஒன்று அம்மா வீட்டு பீரோவில். மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றிய நாளில் எல்லா நகலையும் புதுப்பித்துவிடுவேன், மாத முடிவுக்குக் காத்திருப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, என் கணினியில் இல்லாமல் மனைவியின் லேப்டாப்பில் அந்தப் பென் டிரைவைச் செருகி, பாஸ்வேர்டைக் கையால் அடித்துத் திறந்து பார்ப்பேன். போன முறை திறக்கவில்லை. சாவிக் கோப்பை நகலெடுக்க மறந்திருந்தேன். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஆள்!

சித்தப்பாவும் ஓர் உறை தயார் செய்திருக்கிறார். பாஸ்வேர்டு உள்ளே, ஒட்டி வைத்திருக்கிறது. வெளியே பென்சிலால் கோப்பின் பெயர், எடுத்த தேதி, பாஸ்வேர்டு மாற்றிய தேதி, எந்தச் செயலி என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு: "தமிழ் கீபோர்டை ஆஃப் பண்ணிட்டு அடிக்கவும்."